தானா முளைச்சது யாருக்குச் சொந்தம்? கரிசல் காட்டுச் சாப்பாடு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்ச வரைக்கும் அப்படியே விட்டு, படிக்க வசதியா சுருக்கித் திருத்தியிருக்கோம்.)

கொஞ்ச நாளாவே உங்ககிட்டேருந்து ஒரே மாதிரி கேள்வி வந்துக்கிட்டு இருக்கு. "ஊர்ப்பக்கம் போனா காட்டுல என்னென்ன பறிச்சுச் சாப்பிடலாம்? என்னென்ன பிடிச்சுச் சாப்பிடலாம்? உங்களுக்கு எது ரொம்பப் பிடிக்கும்?" சரி, இன்னைக்கு அதையே பேசிடலாம். எனக்குப் பிடிச்ச லிஸ்ட்டும் சொல்றேன், அது ஏன் குறைஞ்சுக்கிட்டே வருதுன்னும் சொல்றேன். ரெண்டையும் பிரிச்சுப் பேச முடியாது.

முதல்ல, காடுன்னா எது?

எங்க ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். கரிசல் பூமி. காலையில ஒருத்தர் தூக்குச்சட்டியோட "காட்டுக்குப் போயிட்டு வர்றேன்"னு கிளம்பினா, அவர் போறது புலி, யானை இருக்கிற காட்டுக்கு இல்ல. அவரோட புஞ்சைக்கு. மழையை நம்பி விதைக்கிற மானாவாரி நிலத்துக்குத்தான் எங்க பக்கம் காடுன்னு பேரு. பருத்திக்காடு, சோளக்காடு, கம்மங்காடு.

இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா, "காட்டு உணவு"ன்னதும் நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலையும் தேன்கூடும்தான் ஞாபகத்துக்கு வருது. ஆனா தமிழ்நாட்டுச் சமவெளி கிராமங்கள்ல மக்கள் சாப்பிட்ட காட்டு உணவு பெரும்பாலும் மனுஷன் புழங்குற இடத்துலேருந்துதான் வந்தது. உழுத நிலம், வேலி, ஓடைக்கரை, கண்மாய், புத்து. யாரும் விதைக்காம தானா முளைக்கும். ஆனா பக்கத்துல மனுஷன் உழுதுக்கிட்டு, வெட்டிக்கிட்டு, மேய்ச்சுக்கிட்டு இருக்கணும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

கீரை: களையோட இன்னொரு பேரு

என் லிஸ்ட்ல முதல் இடம் கீரைக்குத்தான். தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குமட்டிக்கீரை. மூணும் நீங்க கடையில வாங்குற சிறுகீரை, தண்டுக்கீரை குடும்பம்தான். ஒரே வித்தியாசம், இதை யாரும் விதைக்கிறதில்ல. விதை மண்ணுக்குள்ள தூங்கிக்கிட்டே கிடக்கும். புரட்டாசியில உழும்போது மண்ணு புரளுது, விதை மேல வருது, மழை விழுது, முளைச்சிடுது. பருத்தியும் உளுந்தும் முளைக்கிற அதே நேரம், அதே இடம். அதனால விவசாயிக்கு அது களை.

பண்ணைக்கீரைய அடையாளம் கண்டுபிடிக்கிறது ஈஸி. பூத்துட்டா வெள்ளையும் ரோஸும் கலந்து மெழுகுவர்த்திச் சுடர் மாதிரி ஒரு கதிர் நிக்கும். ஆனா பூத்த பிறகு இலை நார் விழுந்துடும். பூக்கிறதுக்கு முன்னாடியே கொழுந்தா கிள்ளணும். இதுல ஒரு சிக்கல் இருக்கு பாருங்க: பார்த்ததும் தெரியுற பருவத்துல அது சாப்பிட நல்லா இருக்காது, சாப்பிட நல்லா இருக்கிற பருவத்துல பழகின கண்ணுக்குத்தான் தெரியும். காட்டுக் கீரை பறிக்கிற அறிவு முழுக்க இப்படித்தான். இளசுல இலையை வச்சே ஆளைக் கண்டுபிடிக்கணும்.

சமையல் ரொம்ப எளிமை. ரெண்டு மூணு கீரை கலந்தா இன்னும் ருசி. சின்ன வெங்காயம், பூண்டு, வத்தல், கொஞ்சம் சீரகம் போட்டு வேகவச்சு, கல்லுப்பு சேர்த்து மண்சட்டியில மத்தால கடையணும். நல்லெண்ணெய்ல தாளிச்சுக் கொட்டி, கம்மஞ்சோத்துக்கோ சுடுசோத்துக்கோ வச்சுச் சாப்பிடணும். தொய்யக்கீரைக்கு லேசா ஒரு இனிப்பு உண்டு. பருப்பே தேவையில்ல.

இந்தக் கீரையைப் பறிச்சது யாரு? களையெடுக்கப் போன பொம்பளைங்க. எங்க அப்பத்தா கூலிக்குக் களையெடுத்தவங்க. ஆளுக்கு ஒரு நிரை பிடிச்சுக் குனிஞ்சுக்கிட்டே போவாங்க. கோரையும் புல்லும் வெளிய போகும், கீரை மட்டும் மடிக்குப் போகும். சாயங்காலம் வீடு திரும்பும்போது கையில கூலி, மடியில கீரை. புஞ்சைக்காரர் "மடியில என்ன"ன்னு கேக்க மாட்டார். பருத்தி அவருக்கு, கீரை களையெடுத்தவளுக்கு. எந்தப் பத்திரத்துலயும் எழுதாத ஒரு உரிமை அது. சொந்தமா ஒரு சென்ட் நிலம் இல்லாத குடும்பத்துக்கு மழைக்காலம் முழுக்கக் குழம்பு அந்த உரிமையிலேருந்துதான் வந்தது.

அதலைக்காய்: சீக்கிரம் வெடிக்கிற காய்

ரெண்டாவது, அதலைக்காய். விருதுநகர், தூத்துக்குடி, மதுரைப் பக்கத்து ஆளுங்களுக்கு இந்நேரம் நாக்குல எச்சில் ஊறியிருக்கும். மத்தவங்களுக்கு: இது பாகற்காயோட சொந்தக்காரன். விரல் நுனி அளவுக்குத்தான் இருக்கும், மேல வரிவரியா ஓடும், கசக்கும். கொடி காஞ்சு போனாலும் மண்ணுக்கு அடியில கிழங்கு உயிரோட கிடக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் அந்தக் கிழங்கு மறுபடி தளிர்க்கும். மார்கழி, தை வரைக்கும் காய் கிடைக்கும். அப்புறம் அடுத்த மழைக்குத்தான்.

ரெண்டு முனையையும் கிள்ளிப் போட்டுட்டு, நிறைய சின்ன வெங்காயம் போட்டு எண்ணெய்ல சுருள வதக்கணும். புளிக்குழம்பும் வைக்கலாம். கசப்பு இருக்கும், ஆனா பிடிச்சுப் போயிட்டா பாகற்காயைத் திரும்பிப் பார்க்க மாட்டீங்க.

இது ஏன் சென்னை சூப்பர் மார்க்கெட்ல இல்லன்னு கேப்பீங்க. பறிச்ச காய் ரொம்ப நேரம் தாங்காது, வெடிச்சு விதை வெளிய வந்துடும். லாரி ஏறி, குடோன்ல தூங்கி, ரேக்குக்கு வர்ற பொறுமை அதுக்குக் கிடையாது. அதனால சீசன்ல நீங்கதான் அங்க போகணும். விருதுநகர், கோவில்பட்டி மார்க்கெட்ல கூறு கட்டி விப்பாங்க.

ஊருக்குப் போக முடியாதவங்களுக்கு மிதுக்கு வத்தல் இருக்கு. மிதுக்கங்காய் வெள்ளரியோட காட்டுச் சொந்தம். கீறி, உப்பு மோர்ல ஊறவச்சு, வெயில்ல காயவச்சு எடுத்துட்டா வருஷம் முழுக்கத் தாங்கும். எண்ணெய்ல பொரிச்சுத் தயிர்சோத்துக்குத் தொட்டுக்கிட்டா, வேற எதுவும் வேண்டாம்.

காளானும் ஈசலும்: ஒரே புத்து, ரெண்டு விருந்து

நிலத்துலேருந்து இப்போ புத்துக்கு வருவோம். புத்துக்காளான் மழைக்கு அப்புறம் திடீர்னு ஒரு நாள் காலையில எழும்பும். "இடி இடிச்சா காளான் முளைக்கும்"னு ஊர்ல சொல்வாங்க. உண்மையில அதை வளர்க்கிறதே கரையான்தான். கரையான் புத்துக்குள்ள இலையும் சருகும் சேர்த்து ஒரு தோட்டம் போட்டு, அதுல பூஞ்சை வளர்த்துச் சாப்பிடுது. மழை வந்ததும் அந்தப் பூஞ்சை மண்ணைத் துளைச்சுக்கிட்டு மேல வந்து குடை விரிக்குது. அதனாலதான் அதோட தண்டு வேர் மாதிரி நீளமா உள்ள இறங்கிப் போகும். கரையானோட தயவு இல்லாம இது வளராதுங்கிறதால, பட்டன் காளான், சிப்பிக்காளான் மாதிரி இதைப் பண்ணையில வளர்த்து விக்க முடியல.

இங்க ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. இந்த எபிசோடைக் கேட்டுட்டு யாரும் காளான் பறிக்கக் கிளம்பாதீங்க. வெள்ளையா, குடை மாதிரி, பார்க்க அதே ஜாடையில விஷக் காளான்கள் இருக்கு. வெள்ளிக் கரண்டி கறுத்தா விஷம், பூண்டு நிறம் மாறினா விஷம், பூச்சி கடிச்சிருந்தா நல்லதுன்னு சொல்ற எந்த டெஸ்ட்டும் நம்பக்கூடியது இல்ல. வேகவச்சாலும் எல்லா விஷமும் போகாது. அதே புத்துல வருஷா வருஷம் பறிக்கிற ஆள் கூட இருந்தா மட்டும் சாப்பிடுங்க. போட்டோவை அனுப்பி "இது ஓகேவா"ன்னு என்கிட்டயும் கேக்காதீங்க. போட்டோ பார்த்துச் சொல்ற விஷயம் இல்ல இது.

அதே புத்துலேருந்து வர்ற அடுத்த விருந்து ஈசல். மழை விட்டு, காத்து அசையாத பொழுதுல இறக்கை முளைச்ச கரையான் கூட்டமா கிளம்பும். புத்துக்குப் பக்கத்துல குழி வெட்டி விளக்கு வச்சா வெளிச்சத்துக்கு வந்து விழும். வெறும் சட்டியில வறுத்து, சொளகுல புடைச்சா இறக்கை பறந்துடும். பொரியும் பொட்டுக்கடலையும் சேர்த்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிச் சாப்பிட்டா, முந்திரியை வறுத்த மாதிரி ஒரு கொழுப்பு ருசி. கொழுப்பும் புரதமும் நிறைஞ்சது. ஒரு விஷயம்: இறால், நண்டு சாப்பிட்டா அலர்ஜி வர்றவங்களுக்கு ஈசலும் ஒத்துக்காம போகலாம். அவங்க தவிர்த்துடுங்க.

வேட்டை: எது முடியும், எது குற்றம்

இப்போ பலரும் கேட்ட வேட்டைக்கு வருவோம். முயல், கௌதாரி, உடும்பு. ஊர்ல பெரியவங்க கதை கதையா சொல்வாங்க. ஆனா இன்னைக்கு இது மூணையும் பிடிக்கிறது சட்டப்படி குற்றம். 1972-ல வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதையெல்லாம் பட்டியல்ல வச்சிருக்கு. உடும்பு முதல் பட்டியல்ல இருக்கு. அதைக் கொன்னா மூணு வருஷத்துலேருந்து ஏழு வருஷம் வரைக்கும் சிறைத் தண்டனை கிடைக்கலாம். சொந்தப் புஞ்சைக்குள்ள வந்த முயலா இருந்தாலும் இதே சட்டம்தான். மலைக்காட்டுல வாழுற பழங்குடி மக்களுக்கு 2006-ல வந்த வன உரிமைச் சட்டம் தேன், கிழங்கு, நெல்லி மாதிரி சிறு வனப்பொருட்களை எடுக்கிற உரிமையைக் கொடுக்குது. வேட்டை உரிமையை அந்தச் சட்டமும் கொடுக்கல. ஓட்டல்ல நீங்க சாப்பிடுற காடை? அது பண்ணையில வளர்த்த ஜப்பான் காடை.

அப்போ எங்க ஊர்ப்பக்கம் வேட்டைன்னு மிச்சம் இருக்கிறது என்ன? எனக்குப் பிடிச்சது கண்மாய் மீன்பிடி. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்கள்ல வெயில் காலத்துல கண்மாய்த் தண்ணி முழங்கால் அளவுக்கு வத்தினதும் ஒரு நாள் குறிப்பாங்க. சுத்துப்பட்டு ஊரெல்லாம் விடியுறதுக்கு முன்னாடியே கரையில வந்து நிக்கும். கையில வலை, கச்சா, ஊத்தா. ஊத்தான்னா மூங்கில் பட்டையில பின்னின கூடை. அடியும் திறந்திருக்கும், மேலயும் திறந்திருக்கும். சேத்துத் தண்ணியில சட்டுனு கவுத்து அமுக்கி, மேல் வாய் வழியா கையை விட்டு உள்ள மாட்டின மீனைத் தடவி எடுக்கணும்.

ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுற வரைக்கும் யாரும் தண்ணியில கால் வைக்க மாட்டாங்க. வீசினதும் ஆயிரக்கணக்கான கால்கள் ஒரே நேரத்துல இறங்கும். விரால், கெளுத்தி, கெண்டை, யார் கைக்கு வருதோ அவங்களுக்கு. நிலம் உள்ளவர், இல்லாதவர், பக்கத்து ஊர்க்காரர்னு கணக்கு கிடையாது. அன்னைக்கு ராத்திரி எல்லா வீட்டுலயும் மீன்குழம்பு வாசனை. வித்துக் காசாக்குறதை பல ஊர்ல தப்பாவே நினைப்பாங்க.

கவனிச்சீங்கன்னா இங்கயும் அதே எழுதாத சட்டம்தான். கண்மாய்த் தண்ணி பாய்ச்சலுக்கு. அதுல மிஞ்சின மீன் எல்லாருக்கும்.

அப்போ ஏன் குறையுது?

"காடு அழிஞ்சதால காட்டு உணவு அழிஞ்சுது"ன்னு சுலபமா சொல்லிடலாம். ஆனா நாம பேசின காடு உழுத நிலம். அந்த நிலம் அங்கயேதான் இருக்கு. மாறினது அதுல நடக்கிற வேலை.

கரிசல்ல இன்னைக்கு நிறைய இடத்துல மக்காச்சோளம். விதைச்ச ரெண்டு மூணு நாள்லயே களைக்கொல்லி அடிச்சிடுறாங்க. களை முளைக்கிறதுக்கு முன்னாடியே தடுக்கிற மருந்து அது. நெல் வயல்ல அகல இலைச் செடிகளை மட்டும் கொல்லுற மருந்து இருக்கு. யோசிச்சுப் பாருங்க, கீரைன்னு நாம சொல்றது எல்லாமே அகல இலைதான். பண்ணைக்கீரைக்கும் தொய்யக்கீரைக்கும் அங்க முளைக்க வழியே இல்ல. அப்படியே ஓரத்துல தப்பி முளைச்சாலும், மருந்து அடிச்ச காட்டுல பறிக்க யாருக்கும் மனசு வராது. வரவும் கூடாது.

இதுல விவசாயியைத் திட்டுறது நியாயம் இல்ல. மழை விட்ட பத்து நாளுக்குள்ள களையெடுக்கலைன்னா பயிர் போச்சு. அந்த நேரத்துல எல்லாருக்கும் ஒரே சமயத்துல ஆள் வேணும், ஆள் கிடைக்காது, கூலியும் கட்டுபடியாகாது. களையெடுப்பும் சொகுசான வேலை இல்ல. நாள் முழுக்கக் குனிஞ்ச இடுப்போட வலி என்னன்னு அப்பத்தாகிட்ட கேட்டாத்தான் தெரியும். அந்த வேலை போனதுல அவங்களுக்கு நிம்மதியும் உண்டு.

ஆனா ஒண்ணு. களையெடுப்பு போனப்போ ரெண்டு கூலி போச்சு. காசுக் கூலி போனதை எல்லாரும் பேசினாங்க. அதுக்குப் பதிலா நூறு நாள் வேலை வந்துச்சு, வேற வேலை வந்துச்சு. மடியில வந்த கூலி போனதை யாரும் கணக்குல எடுக்கல. அது எங்கயும் எழுதியே இல்லாததால, போனதும் எங்கயும் பதிவாகல. அப்பத்தா வீட்டுல இப்போ கீரைன்னா, மோட்டார் பைக்ல வர்றவர்கிட்ட காசு கொடுத்து வாங்குற அரைக்கீரை.

பொது இடங்களுக்கும் இதே கதைதான். புறம்போக்கையும் ஓடையையும் சீமைக்கருவேலம் மூடிடுச்சு. கண்மாய்ல மீன்பாசி ஏலம் எடுத்தவர் குஞ்சு விட்டு வளர்த்தா, அந்த மீன் அவரோடது. ஊர் மொத்தமா இறங்குறதுக்கு அங்க இடம் இல்ல. கீரை, காய், மீன் மூணுலயும் காணாமப் போனது வெறும் உணவு மட்டும் இல்ல. நிலமில்லாதவங்க கேக்காமலே எடுத்துக்கிட்ட பங்கும் சேர்ந்து போயிடுச்சு.

மூடி வச்ச சட்டி

இன்னொரு விஷயத்தையும் பேசியாகணும். வெட்கம்.

பத்துப்பாட்டுல ஒண்ணு சிறுபாணாற்றுப்படை. அதுல பசியில வாடுற ஒரு பாணன் வீட்டுப் பொண்ணு, குப்பையில தானா முளைச்ச வேளைக்கீரையைக் கிள்ளி, உப்புகூட இல்லாம வேகவைக்கிறா. அக்கம்பக்கத்துல யாராவது பார்த்துடுவாங்களோன்னு வெட்கப்பட்டு, வாசக்கதவை அடைச்சுட்டு சுத்தத்தோட உக்காந்து சாப்பிடுறா. அத்தனை பழைய பாட்டுலயே, தானா முளைச்ச கீரைன்னா இல்லாதவங்க சாப்பாடு.

எங்க அம்மாவும் விருந்தாளி வந்தா கீரைச் சட்டியை மூடி வச்சுட்டுக் கடையில கத்திரிக்காய் வாங்கியாரச் சொல்வாங்க. நத்தை, ஈசல், எலி சாப்பிடுறவங்களை இன்னும் மோசமா பேசியிருக்காங்க. வட மாவட்டங்கள்ல இருளர் மக்கள் வயல் எலியை வளை தோண்டி, மண்பானையில புகை போட்டுப் பிடிக்கிறது பெரிய திறமை. பயிரையும் காப்பாத்துது. ஆனா அதே சாப்பாட்டை வச்சே அவங்களைக் கேலி பேசினவங்களும் இருக்காங்க.

இப்போ அதே கீரை நகரத்துக் கடையில லேபிள் ஒட்டி, ஆரோக்கிய உணவா வருது. வரட்டும், சந்தோஷம்தான். ஆனா "நம்ம பாட்டிங்க எவ்வளவு ஆரோக்கியமா சாப்பிட்டாங்க"ன்னு ரீல் போடுறதுக்கு முன்னாடி, அந்தப் பாட்டிங்கள்ல பல பேரு வேற வழியில்லாம சாப்பிட்டாங்கன்னும், சாப்பிட்டதுக்காக அவமானப்பட்டாங்கன்னும் தெரிஞ்சிருக்கணும்.

சரி, நாம என்ன பண்ணலாம்?

ஒண்ணு, ஒரே ஒரு செடியைக் கத்துக்கோங்க. இருபது செடி வேண்டாம். தெரிஞ்ச ஆள் கூட நடந்து, அது முளைக்கும்போது, வளரும்போது, பூக்கும்போதுன்னு மூணு பருவத்துலயும் பாருங்க. கீரையில தொடங்குறவங்களுக்கு முடக்கத்தான் நல்லது. சின்ன காத்தாடி பலூன் மாதிரி காய் இருக்கும், குழப்பம் வராது. இலையை அரைச்சு தோசை மாவுல கலந்துடலாம்.

ரெண்டு, இடத்தைப் பாருங்க. மெயின் ரோட்டு ஓரம், சாக்கடைக் கரை, மருந்து அடிச்ச வயல், இந்த மூணுலயும் பறிக்காதீங்க. நத்தையும் வயல் நண்டும் கிடைச்சா நல்லா வேகவச்சுத்தான் சாப்பிடணும். அரைவேக்காட்டுல புழுத் தொற்று வரும்.

மூணு, கேட்டுட்டுப் பறிங்க. பைக்ல போய் இறங்கி, அடுத்தவங்க புஞ்சையில புகுந்து பை நிறைய அள்ளாதீங்க. அங்க இன்னும் யாரோ ஒரு அம்மா மடியில பறிச்சுக்கிட்டு இருக்கலாம். அவங்க பங்கை நாம எடுத்துடக் கூடாது.

நாலு, வாங்குங்க. ஐப்பசியிலேருந்து தை வரைக்கும் தென் மாவட்டத்துப் பஸ் ஸ்டாண்டுகள்லயும் சந்தையிலயும் சாக்கு விரிச்சு உக்காந்திருக்கிற பாட்டிங்ககிட்ட "காட்டுக்கீரை எதுவும் இருக்கா பாட்டி, எந்தக் காட்டுல பறிச்சீங்க, எப்படிக் கடையணும்"னு கேளுங்க. பேரம் பேசாதீங்க. வாங்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சா, மருந்து அடிக்காத நாலு பொழி ஓரத்தையாவது யாராவது விட்டு வைப்பாங்க.

உங்க ஊர்ல தானா விளையுற சாப்பாடு என்ன, அதை யார் பறிப்பாங்க, அதுக்கு என்ன பேருன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. உங்க பாட்டியோட குரல்லயே அனுப்பினா இன்னும் நல்லது. அடுத்த எபிசோட்ல அதையெல்லாம் சேர்த்துப் போடுறோம். அதுவரைக்கும், நல்லா சாப்பிடுங்க மக்களே.